நல்லதாப் பத்து சொல்லோணுமாம்

உக்காருங்கம்மிணி, ஆளு யாரும் வல்லை. அந்தப் பை என்றதுதான், மடியில வெச்சுக்கறேன். எங்க, அவினாசிங்களா? செரி செரி. நாங்க திருப்பூரு. நாங்கன்னா நானும் என்ற மகளும். அதா, மூணு சீட்டு முன்னால, சன்னலோரமா, பச்சைச் சுடிதாரு. அவதான். நீங்க உக்காந்திருக்கற எடம் அவளுக்குன்னு நான் புடிச்சு வெச்ச எடம். "தாரணி, இங்க வா"ன்னு கூப்படறேன், காதுல விழாத மாதிரி முன்னால போய் உக்காந்துட்டா. காந்திபுரத்துல வண்டி எடுத்து இத்தனை நேரமாச்சு, அந்தத் தலை ஒருக்கா திரும்போணுமே! ம்ஹூம்.

சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டை போட்டா நான் ஜெயிச்சிருவேன், அது அவளுக்கே தெரியும். அதனால பேசாம இருக்கறா.

ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைச்சுக்க மாட்டீங்களே? உங்க ஜாக்கெட்டுக் கையில, இந்தப் பக்கம், தையல் அரை இஞ்சு விட்டிருக்குது. ஊட்டுக்குப் போனதும் ரெண்டு தையல் போட்டுருங்க. இல்லீன்னா துவைக்கத் துவைக்க ஏறிக்கும். என்ன பண்றதுங்க, பழக்கம். கண்ணு மொதல்ல அங்கதான் போகுது. நான் பனியன் கம்பெனில செக்கிங். பத்தொம்போது வருசமா செக்கிங்.

எம் பேரு சாந்தாமணி. எங்க கம்பெனில வந்து கேட்டுப் பாருங்க, சாந்தாமணி டேபிளைத் தாண்டி ஒரு ஓட்டை வெளிநாட்டுக்குப் போனதில்லைன்னு சொல்லுவாங்க. மொத மொதல்ல வேலை கேட்டுப் போனப்ப மேனேஜரு ஐயா கேட்டாரு, "உனக்கு என்னம்மா தெரியும்?"னு. "என்ற கண்ணுக்குத் தப்பி ஒரு குறை போகாதுங்கய்யா"ன்னேன். நல்லா நிமுந்து நின்னு சொன்னேன். அவரு சிரிச்சுட்டு இருபது பீஸைக் கொண்டாந்து போட்டாரு. அதுல பதினொண்ணு குறை பீஸுன்னு அவருக்குத் தெரியும். நான் பன்னெண்டை எடுத்து ஓரமா வெச்சேன். அவரு அந்தப் பன்னெண்டாவதை டியூப் லைட்டுக்குக் கீழ புடிச்சு இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாக்கறாரு. ஊசி போன கோடு, மயிரு மாதிரி, அக்குள்ள இருந்து கீழ வரைக்கும். "நாளைக்கே வந்துரும்மா"ன்னாரு. இப்ப நான் செக்கிங் இன்சார்ஜ். எனக்குக் கீழ பதினாலு பொம்பளைங்க. இதையெல்லாம் சொல்றதுல என்னங்க கூச்சம்? இருக்கறதைத்தான சொல்றோம்.

அப்படி இருக்கற என்ற வயித்துல பொறந்ததுக்கு வாயே இல்லை பாருங்க.

பேங்குல வேலைன்னீங்களே, நல்லதாப் போச்சு, உங்களையே கேக்கறேன். உங்களையும் கூப்புட்டு உக்கார வெச்சு "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு கேட்டிருப்பாங்கல்ல? நீங்க என்ன சொன்னீங்க? சொல்லீட்டீங்கல்ல ஏதோ ஒண்ணு? அங்கதானுங்க இவ மாட்டிக்கறா. பி.காம் சி.ஏ., எண்பத்தாறு பர்சண்டு. மார்க்கைக் கொண்டாந்து காட்டுனப்ப, "மிச்சம் பதினாலு எங்க போச்சு?"ன்னு கேட்டேன். வேடிக்கைக்குத்தான் கேட்டது. படிப்புல ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா ஆறு இண்டர்வியூ. ஆறுலயும் அதே எடத்துல நின்னு போச்சு. மொத இண்டர்வியூல அவ பேரு, அவிங்கப்பா பேரு, காலேஜ் பேரு, மூணையும் சொல்லிட்டு நிறுத்திட்டா. "உங்க பலம் என்ன?"ன்னு கேட்டிருக்கறாங்க. "அப்படி ஒண்ணும் பெருசா இல்லீங்க சார்"னு சொல்லிட்டு வந்துட்டா. இன்னொரு எடத்துல "கம்ப்யூட்டர்ல கணக்கு போடத் தெரியுமா?"ன்னதுக்கு, "ஏதோ கொஞ்சம் தெரியுங்க". ஏதோ கொஞ்சமா? காலேஜ்ல டேலிங்கற கம்ப்யூட்டர் கணக்கு எடுக்கற மேடம் லீவு போட்டா கிளாஸ் எடுக்கறதே இவதான். ஆறாவது இண்டர்வியூல அழுதே போட்டா. தண்ணி குடுத்து அனுப்பி வெச்சாங்களாம்.

எங்க லைன் வீட்டுலயே சிந்துஜான்னு ஒரு புள்ளை. அறுபத்திரண்டு பர்சண்டு. டேலி எப்படித் தொறக்கறதுன்னே தெரியாம நம்ம தாரணிகிட்டத்தான் வந்து உக்காந்துக்கும். அது இண்டர்வியூல போய், "நானே சொந்தமாக் கத்துக்கிட்டேன், நாலு பேருக்குச் சொல்லியும் குடுக்கறேன்"னு அடிச்சு விட்டிருக்குது. மொத தடவையிலயே வேலை. அவிங்கம்மா இனிப்புப் பொட்டியோட வந்து நின்னாங்க. நான் வாங்கிக்கிட்டேன். வாங்காம என்ன பண்றது? உள்ள வந்து பாத்தா இவ சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கறா. "அது சொல்லிக் குடுத்த நாலு பேருல நீயும் ஒருத்தியாட்ட இருக்குது, சந்தோசப்பட்டுக்க"ன்னேன். சிரிக்கலை.

அப்பறந்தான் ஷகிலா மேடம்னு ஒருத்தரு நடத்தற பயிற்சி வகுப்புல கொண்டு போய்ச் சேத்தேன். இண்டர்வியூல எப்படிப் பேசறதுன்னு சொல்லித் தர்றாங்க. எப்படி உக்காரோணும், எங்க பாக்கோணும், கையை எங்க வெக்கோணும், எல்லாம். மூணாவது நாளு ஊட்டுக்கு வேலை குடுத்து அனுப்பி வெச்சாங்க. உன்கிட்ட இருக்கற நல்லதாப் பத்து எழுதிட்டு வா, தெரியலைன்னா ஊட்டுல கேட்டு எழுதுன்னு. இவ நோட்டோட அடுப்படிக்கு வந்து நிக்கறா. "அம்மா, எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது, நீ சொல்லும்மா"ங்கறா.

நான் அப்ப அவ அரிஞ்சு வெச்ச பீன்ஸைப் பாத்துட்டு இருந்தேன். ஒண்ணு அரை விரலு, ஒண்ணு கால் விரலு.

"மொதல்ல இதை ஒரே அளவா அரியக் கத்துக்க, அப்பறம் பத்து எழுதலாம்"னேன்.

"சமையல் நல்லா வரும்னு எழுதிக்கட்டுமா?"

"ரசத்துல எப்பவும் புளி தூக்கல். பொய் எழுதாதே."

"கையெழுத்து?"

"பரவால்லை. ஆனா போகப் போக வரி மேல ஏறுது பாரு."

"பொறுமைன்னு எழுதட்டுமா?"

"பொறுமையா? நேத்துக் கதவைச் சாத்துனியே ஒரு சாத்து, அதுக்குப் பேரு பொறுமையா?"

பேனாவை மூடிட்டா. எனக்குப் பொய் வராதுங்க, என்ன பண்ணட்டும்? அப்பறம் மனசு கேக்காம நானே கூப்புட்டு, "சொன்ன பேச்சு கேப்பேன்னு எழுதிக்க, அது நெசந்தான்"னேன். அதை மட்டும் எழுதிட்டுப் போனா. மேடம் செவப்புப் பேனால அதை அடிச்சுட்டாங்களாம். "இது உன்னோட பலம் இல்லைம்மா, உங்கம்மாவோட பலம்"னாங்களாம். என்ன அர்த்தத்துல சொன்னாங்களோ தெரியலை. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

டிக்கெட்டுங்களா? ரெண்டு திருப்பூரு எடுத்தாச்சுங்க கண்டக்டரே. அந்தப் பச்சைச் சுடிதாருக்கும் சேத்துத்தான். ஆமா, அங்க உக்காந்திருந்தாலும் என்ற மகதானுங்க.

எங்க சொன்னேன்? ஆங். எங்க டேபிள்ல ஒரு மொறை இருக்குது. பீஸுல எங்க குறையோ அங்க சின்னதா ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். இங்க ஓட்டை, இங்க எண்ணெய்க் கறை, இங்க தையல் விட்டிருக்குதுன்னு. நல்ல பீஸுக்கு ஒண்ணுமே ஒட்ட மாட்டோம். மடிச்சு அந்தப் பக்கம் அடுக்கிருவோம். நல்லா இருக்குதுன்னு யாருகிட்டயும் சொல்றது கெடையாது. ஒண்ணும் சொல்லலைன்னாலே நல்லா இருக்குதுன்னு அர்த்தம். நான் அவளைச் சொல்றது ஒரு நாளைக்கு அஞ்சோ ஆறோ இருக்குங்களா? மிச்ச நேரமெல்லாம் ஒண்ணும் சொல்றதில்லை. அப்ப அதெல்லாம் நல்லதுன்னுதான அர்த்தம்? இது படிச்ச புள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

ஊட்டுல நானும் பழக்கிப் பாத்தேன். ஞாயித்துக்கெழமைல அவளை நாற்காலில உக்கார வெச்சு, எதுக்க நான் ஆபீசரு மாதிரி உக்காந்துக்குவேன். "உங்களைப் பத்திச் சொல்லுங்க." அவ வாயைத் தொறப்பா. "கையை ஆட்டாதே. உதட்டைக் கடிக்காதே. என்ன சத்தமே வல்லை? அந்தச் சொல்லு அது இல்லை. மறுபடி மொதல்ல இருந்து." இப்படி ஒரு மணி நேரம். எங்கூட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டறாரு, அதிகமாப் பேசற ஆளில்லை. அவரே டீ டம்ளரை வெச்சுட்டு, "ஏம்புள்ள, இது இண்டர்வியூவா போலீஸ் ஸ்டேசனா?"ன்னு கேட்டாரு. "நீங்க சும்மா இருங்க, அங்க வெளியாளு கண்டுபுடிச்சுக் கேவலப்படுத்தறதுக்கு முன்னால நாமளே கண்டுபுடிச்சுச் செரி பண்றது நல்லதா இல்லியா?"ன்னேன். ஒண்ணும் சொல்லலை. அவரும் ஒண்ணும் சொல்லலைன்னா செரின்னுதான் அர்த்தம்.

இன்னைக்கு ஏழாவது. பீளமேட்டுப் பக்கம் ஒரு கம்பெனி. பல ஊருக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் குடுக்கறாங்களாம். வேலை நல்ல வேலை. இதுவும் போச்சுன்னா இனி எங்கயும் போக மாட்டேன், பனியன் கம்பெனிக்கே உன்கூட வந்துடறேன்னு ராத்திரி சொல்லிட்டுத்தான் படுத்தா. பி.காம் படிச்சுட்டு என்ற டேபிள்ல வந்து நிக்கறதாம். பத்தொம்போது வருசமா நின்னு நின்னு என்ற காலைப் பாருங்க, நரம்பு எப்படி முறுக்கிக் கெடக்குதுன்னு. அதுக்காகவா படிக்க வெச்சேன்?

காலையில பத்தரைக்கு உள்ள போனா. நான் வெளிய சோபாவுல உக்காந்திருந்தேன். இருபது நிமிசம். அரை மணி. அப்பறம் ஒரு புள்ளை வந்து "தாரணியோட அம்மா நீங்களா? உள்ள கூப்படறாங்க"ங்குது. அழுதுட்டாளோன்னு நெனைச்சேன். அப்படி இல்லை. பொம்பளைப் புள்ளைகன்னா கூட வந்தவங்களையும் கூப்புட்டு ரெண்டு வார்த்தை பேசறாங்க. வேலையெல்லாம் பழக்கி விட்ட பொறவு, கல்யாணம்னு நாம கூட்டிட்டுப் போயிடறோமாம், அதுக்குத்தான்.

உள்ள ஒரு பெரியவரு, தலை நரைச்சவரு. பக்கத்துல ஒரு மேடம், உங்க வயசுதான் இருக்கும். எதுக்க இவ. இவ உக்காந்திருந்ததைப் பாக்கோணுமே! முதுகு நேரா, கை ரெண்டும் மடியில, மொகம் தெளிஞ்சு. என்ற மகதானான்னு இருந்துச்சு. பெரியவரு சொன்னாரு, "உங்க பொண்ணு நல்லாப் பேசுனாங்கம்மா. காலேஜ் விழாவுல ரெண்டாயிரம் பேருக்குச் சாப்பாட்டு டோக்கன் வேலை மொத்தத்தையும் தானே கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தேன்னாங்க. டேலி சொந்தமாக் கத்துக்கிட்டேன்னாங்க. எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஊட்டுல நீங்க என்ன நெனைக்கறீங்க, உங்க பொண்ணு எப்படி, ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாரு.

இங்கதான் நீங்க கவனிக்கோணும். எங்க கம்பெனில சரக்கு ஏத்தறதுக்கு முன்னால அதை வாங்கற பையரோட ஆளு கடைசி செக்கிங்குக்கு வருவாரு. அவரு பொட்டியப் பிரிக்கறதுக்கு முன்னாலயே நான் போய்ச் சொல்லிருவேன். ஐயா, இந்த லாட்ல இத்தனை பீஸுக்குக் கழுத்துப் பட்டி லேசாச் சுருங்கியிருக்குது, இத்தனை பீஸு கலர் ஒரு சாயல் கம்மின்னு. அப்படிச் சொல்லிட்டா அவரு நம்பிருவாரு. கையெழுத்துப் போட்டுருவாரு. மறைச்சு வெச்சு அவரே கண்டுபுடிச்சாருன்னு வைங்க, மொத்த லாட்டும் திரும்பி வந்துரும். இத்தனை வருசத்துல நான் சொல்லிக் குடுத்த லாட்டு ஒண்ணு கூடத் திரும்பி வந்ததில்லை. இந்த மகராசனுக்கும் அதையேதான் செஞ்சேன்.

"ஐயா, டோக்கன் வேலை இவ மட்டும் செய்யலீங்க, கூட ரெண்டு பேரு இருந்தாங்க. டேலி தானாத்தான் கத்துக்கிட்டா, ஆனா எட்டு மாசம் ஆச்சு. காலையில ரெண்டு தரம் எழுப்போணும். சட்டுனு அழுதுருவா, போன இண்டர்வியூல கூட அழுதுட்டா. வேலையில மும்முரமா இருந்தா கூப்படறது காதுல விழாது. கோவம் வந்தாப் பேச மாட்டா, ரெண்டு நாளானாலும் பேச மாட்டா. மத்தபடி..."

மத்தபடின்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வாய் வல்லைங்க. மூணு பேரும் எம் மூஞ்சியவே பாக்கறாங்க. "மத்தபடி குறை ஒண்ணும் இல்லீங்க"ன்னு முடிச்சேன்.

பெரியவரு பேனாவை உருட்டிட்டு இருந்தாரு. அந்த மேடம் இவளைப் பாத்தாங்க. இவ என்னைப் பாக்கலை. நேரா அவரைப் பாத்துச் சொன்னா. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"எங்கம்மா சொன்னது எல்லாமே உண்மைதான் சார். இன்னும் ஒரு இருபது இருக்கு, நேரம் இல்லாததால சொல்லலை. இதையெல்லாம் தினமும் கேட்டுட்டுத்தான் நான் காலேஜ் போனேன், பரீட்சை எழுதினேன், எண்பத்தாறு வாங்கினேன். உங்க ஆபீஸ்ல யாரு என்ன குறை சொன்னாலும் உக்காந்து முழுசாக் கேட்டுட்டு, மறுபடியும் முதல்ல இருந்து செஞ்சு குடுப்பேன் சார். அதுல எனக்கு இருபத்தோரு வருஷ அனுபவம் இருக்கு."

பெரியவரு சத்தமாச் சிரிச்சுட்டாரு. "வேலைக்கு வாம்மா"ன்னுட்டாரு. ஆமாங்க, கெடைச்சிருச்சு! உங்ககிட்டச் சொல்லாமயே இத்தனை தூரம் வந்துட்டேனா? கெடைச்சிருச்சு. அந்த மேடம் மட்டும் சிரிக்கலை. என்னையவே பாத்துட்டு இருந்தாங்க. சில பேருக்குச் சிரிப்பு வராது.

அதோட நின்னிருந்தா நான் இந்நேரம் உங்ககிட்டப் பொலம்பிட்டு வர மாட்டேன். ஊட்டுல நாங்க மூணு பேரும் பேசி வெச்சது கோயமுத்தூரு ஆபீசு. காலையில போனா பொழுதோட ஊட்டுக்கு வந்துரலாம்னு. இவ என்ன சொல்றா தெரியுங்களா? "சென்னை ஆபீஸ்லயும் இடம் இருக்குன்னு சொன்னீங்களே சார், எனக்கு அங்க குடுங்க"ங்கறா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. பெரியவரு என்னைப் பாத்து "சம்மதமாம்மா?"ன்னாரு. நான் என்னத்தைச் சொல்றது? தலையை ஆட்டிட்டேன். பத்தாம் தேதி போய்ச் சேரோணும். இன்னும் எட்டு நாளு. வெளிய வர்றப்ப அந்த மேடம் கதவு வரைக்கும் வந்து, "நல்லா வருவாங்கம்மா உங்க பொண்ணு"ன்னாங்க. "பாத்துக்கங்க மேடம், கொஞ்சம் மெத்தனம்"னேன். அது தானா வந்துருச்சு.

அதுல இருந்து பேச்சு இல்லை. பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கலாம்னேன், வேண்டாம்னு தலையை ஆட்டறா. பன்னு வாங்குனேன், பசிக்கலையாம். நீங்களே சொல்லுங்க, அந்தப் பெரியவரு சிரிச்சது எதுக்கு? நான் உள்ளதை உள்ளபடி சொன்னதுக்குத்தான? நான் சொன்னதுனாலதான இவளுக்கும் பேச வாய் வந்துச்சு? ஆறு தடவை தனியாப் போய்க் கெடைக்காதது நான் உள்ள போனதும் கெடைச்சிருச்சு. அதை நெனைச்சுப் பாக்கறாளா?

என்ன கேட்டீங்க? நீ நல்லாப் பேசுனேன்னு அவகிட்டச் சொன்னனான்னா? எதுக்குச் சொல்லோணும்? வேலைதான் குடுத்துட்டாங்களே.

இல்லீங்க. இது வரைக்கும் சொன்னதில்லை. ஒருக்கா கூட இல்லை.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை, அவிங்கப்பாவுக்குக் கூடத் தெரியாது. அவளுக்கு நாலு வயசு இருக்கறப்ப பள்ளிக்கூடத்து விழாவுல மயிலு வேசம் போட்டு ஆடுனா. அப்படி ஒரு ஆட்டம். எனக்குத் தலைகால் புரியலை. கம்பெனில டேபிள் டேபிளாப் போய்ச் சொன்னேன், என்ற மக மாதிரி ஒரு புள்ளை இந்த ஊருலயே இல்லைன்னு. மூணாம் நாளு காய்ச்சல். அது ஜன்னியாயிருச்சு. பதினோரு நாளு ஆஸ்பத்திரி. கண்ணு மேல சொருகிக் கெடக்கறா, கூப்புட்டா அசையலை. கட்டலு காலைப் புடிச்சுட்டு உக்காந்து மாகாளிகிட்ட வேண்டுனேன். புள்ளையக் குடுத்துரு தாயி, இனி இவளைப் பத்தி இந்த வாயில நல்லதா ஒரு சொல்லு வராதுன்னு. குடுத்துட்டா. பன்னெண்டாம் நாளு கண்ணு முழிச்சு "அம்மா, தோசை"ன்னா. அப்பறம் நான் பேச்சை மாத்துவனா?

ஆனா ஒண்ணு பாருங்க. நல்லதைச் சொல்ல மாட்டேன்னுதான் வேண்டுனேன். குறையைச் சொல்றேன்னு வேண்டலை. அது தானா வந்து சேந்துக்கிச்சு. எப்ப சேந்துச்சுன்னு எனக்கே தெரியலை.

தெக்கலூரு தாண்டிருச்சுங்களா? அப்ப உங்களுக்கு நெருங்கிருச்சு.

அவ எப்படிப்பட்டவன்னு உங்களுக்குச் சொல்றேன். கிட்ட வாங்க. மாகாளி கேட்டுட்டு இருந்தாலும் இந்த வண்டி சத்தத்துல கேக்காது. அவ பத்தாவது படிக்கறப்ப அவிங்கப்பா ஆட்டோ பல்லடம் ரோட்டுல கவுந்து, நாலு மாசம் படுக்கையில. நான் வேலைக்குப் போகாட்டி அடுப்பு எரியாது. காலையில அப்பனுக்கு மொகம் தொடைச்சு, சவரம் பண்ணி விட்டு, கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு, அப்பறந்தான் பள்ளிக்கூடம் போவா. மத்தியானம் ஓடியாந்து ஒருக்கா திருப்பிப் படுக்க வெச்சுட்டு ஓடுவா. பரீட்சை அன்னைக்கும் அப்படித்தான். இதை எந்த இண்டர்வியூலயும் அவ சொல்லலை. அது சொல்ற விசயம்னே அவளுக்குத் தெரியாது.

அப்பறம், நான் இன்சார்ஜ் ஆனேன்னு சொன்னேன்ல? அது என்ற கண்ணால மட்டும் ஆனது இல்லீங்க. இன்சார்ஜ்னா குறைக்கெல்லாம் இங்கிலீசுப் பேரு தெரியோணும், பையரோட ஆளுகிட்டப் பேசோணும். நான் படிச்சது எட்டாவது. இவதான் காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்னால அந்த இங்கிலீசுப் பேரு அம்பத்திரண்டையும் தமிழ் எழுத்துல எழுதி, தெனமும் சாயங்காலம் என்னைக் கேள்வி கேப்பா. நான் தப்புத் தப்பாச் சொல்லுவேன். இது கூடத் தெரியலையான்னு ஒரு நாளு கேக்கலைங்க. "பரவால்லைம்மா, நேத்தைக்கு இன்னைக்கு நல்லாச் சொல்ற"ன்னுவா. பெரிய பெரிய படிப்புப் படிச்ச வாத்தியாரு கூட அப்படிச் சொல்ல மாட்டாங்க. அதை எங்க போய்க் கத்துக்கிட்டாளோ தெரியலை. எங்க ஊட்டுல யாரும் சொல்லிக் குடுக்கலை.

இல்லீங்க, அழுகலை. காத்து மூஞ்சில அடிக்குது. அந்தச் சன்னலைக் கொஞ்சம் சாத்தி விடுங்க.

சென்னையில யாரு இருக்கறா அவளுக்கு? ரெண்டு தரம் எழுப்போணும் அவளை. யாரு எழுப்புவாங்க?

அதா, அவினாசி வந்துருச்சு. எந்திரிச்சுக்கங்க. அம்மிணி, ஒரே ஒரு ஒதவி. முன்னால எறங்கறப்ப அவளைத் தாண்டித்தான போகோணும்? ஒரு நிமிசம் நின்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. என்ன வேணாலும் சொல்லுங்க, உனக்கு நல்ல மனசுன்னு சொல்லுங்க, இன்னைக்கு நீ நல்லாப் பேசுனேன்னு சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா கூடவே ஒரு குறையும் சேந்து வந்துரும், எனக்குத் தெரியும். தூரம் போற புள்ளை, அந்த வேண்டுதலும் இருக்குது. நீங்க சொன்னா ஒண்ணும் ஆகாது. யாரு சொன்னாங்கன்னு கேட்டா மட்டும் எம் பேரைச் சொல்லிறாதீங்க.

என்ன பாக்கறீங்க? போங்க, வண்டி நிக்குது. செரி, சொல்லித்தான் ஆகோணும்னா நாந்தான் சொன்னேன்னே சொல்லிக்கங்க. ஒண்ணும் ஆயிராது. அவ நம்ப மாட்டா.